கேட்டுப் பாராமல் ஓர் ஆம்ப் வாங்குவது

திருகோணமலையில் இருந்துகொண்டு உயர்ரக ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் (ஹெட்போனுக்குப் போகும் ஒலிச் சைகையைப் பெருக்கும் பெட்டி, சுருக்கமாக ஆம்ப்) வாங்க நினைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் கடைக்காரரும் அவரை ஏமாற்ற முடியாது, ஏனென்றால் கடையே இல்லை. பிரதான வீதியில் புளூடூத் ஒலிபெருக்கி எத்தனை நிறத்தில் வேண்டுமானாலும் கிடைக்கும். தடித்த 6.35 மில்லிமீற்றர் பிளக்கைக் காட்டி, இதைச் செருகக்கூடிய நல்ல பெட்டி ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். கடைப் பையன் மரியாதையாக ஒரு கரோக்கி மிக்சரை எடுத்து வைத்தான். அவன்மீது குறை இல்லை. இந்த ஊரில் அந்தத் துளையைத் தேடி வருகிறவர்கள் பாடுகிறவர்கள்தான்.

கொழும்புக்குப் போனாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. இரவு ரயிலில் தூங்கி வழிந்து போய் இறங்கினால் இரண்டோ மூன்றோ மாதிரிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். என்னிடம் இருக்கும் ஹெட்போனோடு அவற்றைச் செருகிக் கேட்க விடுவார்களா என்பது அன்றைய முகராசியைப் பொறுத்தது. ஆகவே எங்களைப் போன்றவர்கள் காகிதத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம்: விவரக்குறிப்பு, அளவீட்டு வரைபடம், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் பயணப்பை. "கேட்டுப் பார்க்காமல் எப்படியடா இவ்வளவு காசைக் கொடுப்பாய்?" என்று மச்சான் கேட்டார். ஆம்ப்பையும், கணினியின் எண்களை ஒலிச் சைகையாக மாற்றும் டிஏசியையும் பொறுத்தவரை, கடையில் நின்று கேட்பதைவிடக் காகிதத்தைச் சரியாகப் படிப்பதே நம்பகமானது என்பது என் கட்சி. ஹெட்போனுக்கு இது பொருந்தாது. அது காதில் உட்காரும் பொருள். போட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

கடையில் கேட்பதில் என்ன கோளாறு? காது சத்தத்துக்கு மயங்கும். ஒரே பாட்டை இரண்டு பெட்டிகளில் போட்டு, ஒன்றை அரை டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) மட்டும் கூட்டி வைத்தால், கூடியது "சத்தமாக இருக்கிறது" என்று யாரும் சொல்லமாட்டார்கள். "தெளிவாக இருக்கிறது", "குரலுக்கு உயிர் வந்துவிட்டது" என்றுதான் சொல்வார்கள். ஒப்பிடுவதென்றால் இரண்டின் அளவையும் 0.1 டெசிபெல் வித்தியாசத்துக்குள் கொண்டுவர வேண்டும். மின்னழுத்தக் கணக்கில் அது சுமார் 1.2 சதவீதம். குமிழைக் கண்ணால் பார்த்துத் திருப்பி அதைச் செய்ய முடியாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை பிளக்கில் வைத்து, ஆடலோட்டத்தில் அளக்க வேண்டும். எந்தக் கடையில் மல்டிமீட்டரை எடுத்து நீட்டுவது? பிறகு எது ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியவும் கூடாது. விலைச்சீட்டைப் பார்த்த கண் காதுக்கு முந்திக்கொள்ளும்.

பொங்கல் விடுமுறைக்கு வந்த நண்பர் ஒருவர், என்னைவிட இளையவர், தன் விலையுயர்ந்த டிஏசியைத் துணியில் சுற்றி உப்புவெளிவரை கொண்டுவந்தார். என் மேசையில் கிடந்த சாதாரண ஒன்றோடு அளவைச் சமப்படுத்தி, கண்ணை மறைத்து, மாற்றி மாற்றிப் போட்டோம். அவரால் பிரிக்க முடியவில்லை. "அண்ணா, ஃபேனை நிறுத்துங்கள், அதனால்தான் கேட்கவில்லை" என்றார். நிறுத்தினேன். வியர்த்தது. "யன்னலைச் சாத்துங்கள்." சாத்தினேன், இன்னும் வியர்த்தது. பிறகு காகம். காகத்தை நிறுத்த என்னிடம் வழி இல்லை. அவர் கெட்டிக்காரர், காதும் நல்ல காது. பிரிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை என்பதே என் முடிவு.

இது என் வீட்டு வாசலோடு நிற்கிற முடிவும் அல்ல. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர் தெளிவு வட்டுகளின் ஒலியை நேராகவும், இடையில் சாதாரண சி.டி. தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். வழக்கமான சத்தத்தில் கேட்டவர்களின் பதில்கள் நாணயத்தைச் சுண்டியதற்கு மேல் தேறவில்லை. சி.டி. வந்தது 1982இல். 16 பிட், விநாடிக்கு 44,100 மாதிரிகள். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையில் 96 டெசிபெல் வீச்சு. மனிதக் காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ்வரை அதில் அடங்கிவிடும். நாற்பது வருடத்துக்கு முன்பே காதின் எல்லைக்குக் கிட்டப் போய்விட்ட ஒரு தொழில்நுட்பத்தைத்தான் இன்றைக்கும் மெருகேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் டிஏசி என்ற பகுதி ஏறக்குறைய தீர்ந்துபோன விடயம். கணினியிலிருந்து வரும் எண்களை மின்னழுத்தமாக மாற்றுவது அதன் வேலை. அதைச் செய்யும் சில்லுகளை உலகத்தில் சில நிறுவனங்களே செய்கின்றன: அமெரிக்காவின் ஈ.எஸ்.எஸ்., ஜப்பானின் ஏ.கே.எம். போன்றவை. 2020 ஒக்டோபரில் ஜப்பானில் நொபெயோக்கா நகரில் இருந்த ஏ.கே.எம். தொழிற்சாலை தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. சில்லுக்குப் பஞ்சம் வந்தது. பெட்டி செய்பவர்கள் பலர் தங்கள் வடிவமைப்பை அவசரமாக ஈ.எஸ்.எஸ். சில்லுக்கு மாற்றினார்கள். அதுவரை "ஏ.கே.எம். இனிமையானது, ஈ.எஸ்.எஸ். கூர்மையானது" என்று சாதித்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு அதை நிரூபிக்க முன்வந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். எனக்கு அந்தத் தேடல் நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

தடைகளை ஏணிபோல் அடுக்கிச் செய்யும் ஆர்-2ஆர் வகை டிஏசிக்குத் தனி பக்தர் கூட்டம் இருக்கிறது. அழகான யோசனை, பழைய யோசனையும்கூட. ஆனால் 16 பிட்டுக்கு அது ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் மேல்படித் தடையின் துல்லியம் 0.0015 சதவீத அளவுக்கு இருக்க வேண்டும். அதைத் தனித்தனித் தடைகளால் செய்வது பெரும் செலவு. அப்படிச் செலவழித்தும் அளவீட்டில் அது மலிவான சாதாரணச் சில்லுக்குப் பின்னால்தான் பல வேளைகளில் நிற்கிறது. கைவேலையை மெச்சி வாங்குகிறவரோடு எனக்கு வழக்கில்லை. ஒலிக்காக என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் கதைக்க இருக்கிறது.

இன்னொரு பக்கம் கைத்தொலைபேசியில் ஹெட்போனைச் செருக உதவும், ஆப்பிளின் சிறிய வால்போன்ற மாற்றி இருக்கிறது. அமெரிக்காவில் 9 டொலருக்கு விற்றது. அளவீட்டில் அது பல பெரிய பெட்டிகளுக்கு வெட்கத்தைக் கொடுக்கும். அமெரிக்கப் பதிப்பு சுமார் 1 வோல்ட் தரும். ஐரோப்பியப் பதிப்பு அதில் பாதி. அந்த 1 வோல்ட்டை ஞாபகத்தில் வைத்திருங்கள், கணக்கு போடும்போது வேண்டும்.

அளவீட்டில் 120 டெசிபெல் என்று பெருமையாகப் போடுகிறார்கள். பாட்டுக்கும் பெட்டியின் சொந்த இரைச்சல், திரிபு ஆகியவற்றுக்கும் இடையிலுள்ள தூரம் அது. என் அறையில் அதற்கு என்ன பெறுமதி? ஃபேன் நடுவேகத்தில் சுற்றும்போது கைத்தொலைபேசிச் செயலி 45க்குக் கிட்டக் காட்டுகிறது. செயலி துல்லியமானதல்ல, ஆனாலும் பத்துப் பிழைத்தாலும் கதை மாறாது. பாட்டின் உச்சம் காதில் 100 டெசிபெல் என்று வைத்தால் பெட்டியின் இரைச்சல் கழித்தல் 20இல் கிடக்கிறது. மனிதக் காது கேட்கத் தொடங்கும் எல்லை பூச்சியம். இந்த ஊரில் பூச்சியம் எங்கே இருக்கிறது? வைகாசி ஆனியில் கச்சான் காற்று கூரைத் தகட்டைப் பிடித்து ஆட்டும். மார்கழியில் மழை. நடுவில் கடல், திருவிழாக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கி, அதிகாலையில் பாங்கு, துறைமுகத்தில் கப்பல் ஊதல். என் ஹெட்போன் பின்பக்கம் திறந்த வகை. வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். 110 டெசிபெல்லுக்கும் 120க்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு நான் ஒரு சதமும் கொடுக்கத் தயாரில்லை. 110ஐத் தொடும் பெட்டிகள் நூறு டொலர் மட்டத்திலேயே வந்துவிட்டன.

நாங்கள் கேட்கும் ஒலிப்பதிவுகளையும் பார்க்க வேண்டும். 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு எங்களிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் கச்சேரியில் யாரோ வைத்த நாடாப்பதிவாக, அதிலிருந்து கசெட்டாக, கசெட்டிலிருந்து கணினிக் கோப்பாக. கசெட்டின் வீச்சு ஐம்பது சொச்ச டெசிபெல். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் 78 சுழற்சி இசைத்தட்டின் சரசரப்போடுதான் வரும். எந்த டிஏசியும் அந்தச் சரசரப்பை எடுத்துவிடப் போவதில்லை; எடுக்கவும் கூடாது. ஆனால் நல்ல ஹெட்போன் ஒன்றில் அந்தச் சரசரப்பு ஒரு தளத்திலும் நாதஸ்வரம் வேறொரு தளத்திலும் பிரிந்து நிற்கும். அப்போது மூளை சரசரப்பை ஒதுக்கிவிட்டு நாதஸ்வரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்வது ஹெட்போன். காசின் பெரும்பங்கு அங்கே போகவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி எங்கள் ஊரில் அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் வைத்திருந்தது. சிற்றலையில் ஏறி இறங்கும் குரலை, அடிக்கடி குமிழைத் திருகித் துரத்திப் பிடித்துக் கேட்ட தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. அவர்களிடம் போய் 120 டெசிபெல் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இனி ஆம்ப். இங்கேதான் கணக்கு உண்மையில் வேலை செய்கிறது. தொடங்க வேண்டியது ஹெட்போனிலிருந்து, ஆம்ப்பிலிருந்து அல்ல.

என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்.டி. 650. 2003இல் வந்த மாதிரி, மின்தடை 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபெல் தரும். நான் வழக்கமாகக் கேட்பது 75ஐச் சுற்றி. ஆனால் கச்சேரிப் பதிவில் தவில் தனி வந்தால் ஒரு கணம் மேலே பாயும். அந்தப் பாய்ச்சலுக்கு 110 டெசிபெல்வரை இடம் விட்டால் தாராளம். 103இலிருந்து 110க்கு 7 டெசிபெல். மின்னழுத்தத்தில் 2.24 மடங்கு. அதாவது 2.24 வோல்ட். 300 ஓமில் அதன் வலு 17 மில்லிவாட்டுக்கும் குறைவு. பெட்டியின் முகத்தில் "6 வாட்" என்று எழுதி விற்கிறார்கள். எனக்கு வேண்டியது ஒரு வாட்டில் அறுபதில் ஒரு பங்கு. ஆப்பிள் மாற்றியின் 1 வோல்ட்டிலேயே 103 டெசிபெல் கிடைக்கும். இன்றைய சினிமாப் பாட்டுக்கு அது போதும். சத்தம் குறைவாகப் பதிந்த பழைய கச்சேரிகளில்தான் குமிழ் உச்சியில் முட்டி நிற்கும். அங்கே ஒரு மேசை ஆம்ப்புக்கு நியாயம் பிறக்கிறது.

எதிர்ப்பக்க உதாரணம் ஹைஃபைமேன் சுஸ்வாரா என்ற ஹெட்போன். 60 ஓம், 1 மில்லிவாட்டுக்கு வெறும் 83 டெசிபெல். அதே 110ஐத் தொட 27 டெசிபெல் ஏற வேண்டும்: வலுவில் ஐந்நூறு மடங்கு. அரை வாட், ஐந்தரை வோல்ட். எச்.டி. 650க்கு வேண்டியதைப்போல் முப்பது மடங்கு வலு. "இந்த ஆம்ப் நல்லதா?" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது என்பது இதனால்தான். எந்த ஹெட்போனுக்கு என்று கேட்க வேண்டும். ஓம் எண்ணை மட்டும் பார்த்து "300 ஓம், கடினமானது, 60 ஓம், இலகுவானது" என்று முடிவெடுக்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஹெட்போன் துளையில் ஆம்ப் தன் பக்கத்தில் வைத்திருக்கும் மின்தடை. விளம்பரத்தில் கடைசி வரியில் இருக்கும், சிலவேளை இருக்கவே இருக்காது. 1996இல் வந்த ஒரு சர்வதேசத் தரநிலை 120 ஓம் என்று பரிந்துரைத்தது. பழைய ஸ்டீரியோப் பெட்டிகளின் ஹெட்போன் துளைகளில் அப்படிப் பெரிய தடைகளைக் காணலாம். அதில் என்ன தொல்லை என்றால், எச்.டி. 650இன் 300 ஓம் எல்லாச் சுருதியிலும் 300 அல்ல. 100 ஹெர்ட்ஸைச் சுற்றி அது 500வரை ஏறும். 120 ஓம் வெளியீட்டில் செருகினால் அந்த இடத்தில் ஏறக்குறைய 1 டெசிபெல் கூடிக் கேட்கும். "குழாய் ஆம்ப்பில் பேஸ் என்ன இளக்கம்!" என்று உருகுகிறவர்கள் பலர் கேட்பது இந்த 1 டெசிபெல்லைத்தான். பிடித்திருந்தால் கேட்கட்டும். நான் மட்டும் அதை ஆம்ப்பிலிருந்து எதிர்பார்க்கவில்லை. வேண்டுமானால் ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் சமனாக்கியில் (ஈக்வலைசர்) கூட்டிக்கொள்வேன், வேண்டாதபோது குறைப்பேன். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே ஆம்ப்பின் இம்பீடன்ஸ் இருந்தால் கவலை இல்லை என்பது நல்ல கைக்கணக்கு. நல்ல நவீன ஆம்ப்புகள் 1 ஓமுக்கும் கீழே நிற்கின்றன.

காதுக்குள் செருகும் சிறிய இயர்போன் பாவிப்பவருக்குக் கணக்கு தலைகீழ். வலு வேண்டியதில்லை, இரைச்சல்தான் பிரச்சினை. 16 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 110 டெசிபெல் தரும் ஒன்றை எடுத்தால், ஆம்ப்பின் 10 மைக்ரோவோல்ட் இரைச்சலே காதில் 28 டெசிபெல்லாக விழும். ஃபேன் ஓடும்போது தெரியாது. ஆனால் இயர்போன் காதை அடைத்துவிடுவதால் ஃபேன் வெளியே நின்றுவிடுமே. நள்ளிரவில் பாட்டு தொடங்கும் முன் "ஸ்ஸ்" என்று கேட்பது அதுதான். 6 வாட் பெட்டியை இதற்கு வாங்குவது காசைக் கொடுத்து இரைச்சலை வாங்குவது.

ஒரே சைகையை எதிரெதிராக இரண்டு கம்பிகளில் அனுப்பும் பேலன்ஸ்டு இணைப்பு, அதற்கான நான்கு முனை எக்ஸ்.எல்.ஆர்., 4.4 மில்லிமீற்றர் பிளக் என்று ஒரு தனி உலகம் இருக்கிறது. ஸ்டூடியோவில் நீண்ட கேபிளில் ஏறும் இரைச்சலைக் கழிக்க அந்த உத்தி அருமையானது. ஒன்றரை மீற்றர் ஹெட்போன் கேபிளுக்கு அந்தக் காரணம் இல்லை. கிடைப்பது இரட்டை மின்னழுத்தம் மட்டும். சுஸ்வாரா வைத்திருப்பவருக்கு உதவும். எனக்கு உதவாது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இத்தனையும் லண்டனில் இருப்பவருக்கும் பொருந்தும். இந்த ஊருக்கென்று வேறு கேள்விகள் இருக்கின்றன. எந்த விமர்சகரும் அவற்றை எழுதுவதில்லை.

முதலாவது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறையில் மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு நுழைந்ததில் நாடே இருண்டது. ஆகவே பெட்டியின் பின்பக்கத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். உள்ளேயே பெரிய மின்மாற்றி வைத்து 230 வோல்ட்டை எடுக்கும் ஆம்ப் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். வெளியே தனி அடாப்டர் வைத்து 12 வோல்ட் நேரோட்டத்தில் ஓடும் பெட்டியை "மலிவான வேலை" என்று முகம் சுழிப்பார்கள். எனக்கு அது வரம். வீட்டில் 12 வோல்ட் பட்டரி ஒன்று எப்படியும் கிடக்கிறது. அடாப்டர் பழுதானாலும் உள்ளூரிலேயே மாற்று எடுத்துவிடலாம். வளைய மின்மாற்றி எரிந்தால் எங்கே போவது?

கனடாவில் உறவினர் இருப்பவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை. அங்கே 120 வோல்ட். ஸ்காபரோவிலிருந்து சித்தப்பா ஆசையோடு வாங்கிவரும் ஆம்ப் உள்ளே 120க்கு மட்டும் கட்டப்பட்டதாக இருந்தால், இங்கே செருகிய கணத்தில் புகை வரும். பின்பக்கத்தில் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா, இரண்டு அளவையும் தானே ஏற்குமா என்று அவர் கடையில் நிற்கும்போதே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கிலாந்து, ஜெர்மனிப் பக்கத்து உறவினர்கள் இந்த விடயத்தில் பாதுகாப்பானவர்கள்.

இரண்டாவது எர்த். கணினியின் மூன்று முனை பிளக் ஒரு வழியில் நிலத்துக்குப் போகும், ஒலிபெருக்கியோ வேறொரு பெட்டியோ இன்னொரு வழியில் போகும், நடுவில் யூ.எஸ்.பி. கேபிள் இரண்டையும் கோர்க்கும். அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் முனகல் குடியேறும். மடிக்கணினியின் இரண்டு முனைச் சார்ஜர் என்றால் உலோகத்தில் கை வைக்கும்போது எறும்பு கடிப்பதுபோல் ஒரு சுரீர். எங்கள் ஒழுங்கையில் வானொலி திருத்தும் ஐயா ஒருவர் இருக்கிறார். நான் டிஏசி என்று தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். "தம்பி, முதலில் உங்கள் வீட்டு எர்த் கம்பியைக் காட்டுங்கள்." மணல் நிலம், கோடையில் காய்ந்து கிடக்கும், கம்பி பிடித்திருந்த இடம் துருவேறிப் போயிருந்தது. அதைப் புதிதாக அடித்துச் சரிசெய்த செலவு ஒரு நல்ல கேபிளின் விலைகூட இல்லை. முனகல் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு ஒளிக்கேபிள்: கணினிக்கும் டிஏசிக்கும் இடையில் செம்பு இல்லை, வெளிச்சம் மட்டும் போகிறது, வளையம் அறுந்துவிடும். ஆகவே ஒளி உள்ளீடு இல்லாத டிஏசியை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். ஒரு சாமானின் ஒலித்தரத்தை என் காதால் உறுதியாகச் சொல்லக்கூடிய அளவுக்கு மாற்றியது இந்த ஒன்றுதான்.

மூன்றாவது உப்பும் சூடும். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் பித்தளை பிளக் பச்சை பிடிக்கும். மலிவான குமிழ் கொஞ்ச நாளில் கரகரக்கத் தொடங்கும். குறைந்த அளவில் ஒரு காது மட்டும் கேட்கும். ஆகவே சத்தத்தை எண்ணிம முறையிலோ ரிலே மூலமோ கட்டுப்படுத்தும் பெட்டியே எனக்குச் சரி. கிளாஸ்-ஏ என்ற வகை ஆம்ப், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரத்தைக் குடித்துச் சூடாக வெளியே விடும். ஐரோப்பியக் குளிர் இரவில் அது சுகமாக இருக்கலாம். ஆனி மாதத்துப் பின்னேரம் திருகோணமலையில் மேசைமேல் ஓர் அடுப்பு எனக்கு வேண்டாம். ஹெட்போனிலும் ஒரு சின்ன விடயம்: செயற்கைத்தோல் காதுமெத்தை ஈரக்காற்றில் உரிந்து கறுப்புச் செதிலாகக் காதில் ஒட்டும். எச்.டி. 650இன் துணிமெத்தை அப்படிச் செய்வதில்லை.

இவற்றையெல்லாம் சல்லடையில் போட்டுச் சலித்தபோது என் கையில் மிஞ்சியது ஜெர்மனியின் ஆர்.எம்.இ. செய்யும் ஏ.டி.ஐ.-2 டிஏசி. ஆயிரம் யூரோவுக்கு மேல். "ஒலியில் வித்தியாசம் இல்லை என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இதை ஏன் வாங்கினாய்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டிஏசிக்காக வாங்கவில்லை. அந்தப் பெட்டியிலும் தீவிபத்துக்குப் பிறகு சில்லு ஏ.கே.எம்.இலிருந்து ஈ.எஸ்.எஸ்.ஸுக்கு மாறியது; எது என்னிடம் இருக்கிறது என்பதில் எனக்கு அக்கறை இல்லை.

நான் காசு கொடுத்தது அதற்குள் இருக்கும் சமனாக்கிக்கு. ஐந்து பட்டைகள், ஒவ்வொன்றிலும் எந்தச் சுருதி, எவ்வளவு, எவ்வளவு அகலம் என்று நானே தீர்மானிக்கலாம். எச்.டி. 650இன் அடித்தளம் கொஞ்சம் வற்றியது. மிருதங்கத்தின் தொப்பி காதுக்கு வரும், நெஞ்சுக்கு வராது. அதை 4 டெசிபெல் தூக்கினேன். இந்த மாற்றம் எந்த இரண்டு டிஏசிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தையும்விடப் பன்மடங்கு பெரியது, யாருக்கும் கண்ணைக் கட்டியும் கேட்கும். கணினியில் இலவசச் செயலியாலும் இதையே செய்யலாம் என்பது உண்மை. ஆனால் பெட்டிக்குள் இருந்தால் கணினி, தொலைக்காட்சி, பழைய சி.டி. இயந்திரம் எதைச் செருகினாலும் அது கூடவே வரும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் லவுட்னஸ் வசதி. சத்தம் குறையக் குறையக் காது தாழ்ந்த சுருதியை முதலில் இழக்கிறது. பெல் ஆய்வுகூடத்தில் ஃபிளெச்சரும் மன்சனும் 1933இலேயே வளைகோடு போட்டுக் காட்டிய சங்கதி இது. இந்தப் பெட்டி நான் சத்தத்தைக் குறைக்கும்போது அடியையும் நுனியையும் தேவையான அளவு தானாகவே கூட்டும். ஆகவே இரவில் மெல்லிய சத்தத்தில் கேட்டாலும் தவில் தவிலாகவே இருக்கிறது. கூட்டிக் கேட்கும் ஆசை வருவதில்லை. வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்பவருக்கு 80 டெசிபெல் எல்லை என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. வேலை செய்துகொண்டே நாள் முழுக்க ஹெட்போன் போட்டிருக்கும் எனக்கு அந்த எல்லை வெறும் காகித எண் அல்ல.

மீதி எல்லாம் ஏற்கெனவே சொன்னதுதான். 12 வோல்ட் நேரோட்டம். ஒளி உள்ளீடு. எண்ணிமக் குமிழ். வெளியீடு 0.1 ஓம். சிறிய இயர்போனுக்கென்று இரைச்சல் குறைந்த தனித் துளை. கையேடு தடித்த புத்தகம். அதைப் படிப்பதே ஒரு சுகம், இந்தக் காலத்தில் கையேடு எழுதத் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள். குறை என்றால், திரையில் அடுக்கடுக்காகத் தெரிவுகள். வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. அது குறையா என்பதும் கேள்விதான்.

காசு விடயம். கொழும்பு முகவர் ஒருவர் சொன்ன விலையைக் கேட்டு நான் தொலைபேசியை வேறு காதுக்கு மாற்றி மறுபடி கேட்டேன். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தவகைப் பொருட்கள் ஒரேயடியாக எட்டாத உயரத்துக்குப் போயின. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அதற்கு மேல் இறக்குமதித் தீர்வைகள். கடைசியில் ஜெர்மனியிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்தார். உத்தரவாதம் ஜெர்மனியில் இருக்கிறது, பெட்டி இங்கே இருக்கிறது. அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுத்தேன். பணம் இறுக்கமாக இருப்பவர் எடுக்கத் தேவையில்லாத ஆபத்து அது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஐம்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். என்ன வாங்கலாம் என்று கேட்டான். நாற்பத்தைந்தாயிரத்துக்கு ஹெட்போன், மிச்சத்துக்கு ஒரு வால் மாற்றி, சமனாக்கிச் செயலி இலவசம் என்று சொல்லி, மேலே எழுதிய கணக்கெல்லாம் தாளில் போட்டும் காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவன் அடுத்த கிழமை ஒரு டிஏசி ஆம்ப்போடு வந்தான். முகப்பில் நீல விளக்கு, சத்தத்துக்கு ஏற்ப ஆடும் முள். ஹெட்போன் பழையதுதான். செருகிக் கேட்டேன். நன்றாகத்தான் ஒலிக்கிறது, முள்ளும் அழகாக ஆடுகிறது.